பெட்டியில் வராத க்ரீம்

1

இந்தத் தடவை நான் ஊருக்கு வந்தபோது என் பெட்டியில் முகத்தை வெளுக்க வைக்கும் க்ரீம் ஒன்றுகூட இல்லை. அதற்காக என்மேல் வருத்தப்பட்டவர்கள் பாகூரில் நாலு வீடு, பாகூருக்கு வெளியே ஏழெட்டு வீடு. "பிரான்சுக்குப் போயி இருவது வருஷத்துக்கு மேல ஆச்சி, ஒரு க்ரீம் வாங்கியாரத் துப்பில்ல" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அப்போது சிரித்து வைத்தேன். எனக்கு வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது. ஆகவே பதிலை எழுதி அனுப்புகிறேன்.

என் பெயர் மங்கை. பாகூர் ஏரியை ஒட்டிய ஒரு கிராமத்துக்காரி. கல்யாணமாகி பாரிசுக்கு வெளியே, ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கும் ஓர் ஊருக்கு வந்து இந்தப் பங்குனியோடு இருபத்தேழு வருடம் ஆகிறது. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. காலையில் பெரியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, காபியும் ரொட்டியும் கொடுத்து, மாத்திரையை விழுங்கினார்களா அல்லது கன்னத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது வரைக்கும் என் பொறுப்பு. அங்கே தொண்ணூறு வயதுப் பெண்மணி ஒருவர், தினமும் முதல் தடவை பார்ப்பதுபோல என்னிடம் கேட்பார்: "நீ எந்தத் தீவிலிருந்து வருகிறாய்?" கறுப்பாக இருந்தால் பிரான்சுக்குச் சொந்தமான தீவுக்காரி என்று அவருக்கு நினைப்பு. தீவு இல்லை, இந்தியா என்பேன். "இந்தியாவில் கறுப்பர்கள் இருக்கிறார்களா!" என்று ஆச்சரியப்படுவார். நாளைக்கும் அதே ஆச்சரியம் இருக்கும்.

எதையும் நோண்டிக் கேட்கும் குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. "உனக்கு இன்னாத்துக்குடி அதெல்லாம்" என்பதுதான் எங்கள் வீட்டில் நான் அதிகம் வாங்கிய திட்டு. அந்தக் குணம்தான் இந்த க்ரீம் விஷயத்திலும் என்னை மாட்டிவிட்டது.

2

வெளிநாட்டிலிருந்து வருகிறவள் பெட்டியைத் திறக்கும்போது எங்கள் பக்கம் ஒரு முறை இருக்கிறது. சாக்லேட்டும் சென்டும் கூடத்தில், எல்லோர் முன்னாலும். க்ரீம் மட்டும் உள்ளறையில், பெண்களுக்கு, ரகசியமாக. யாருக்கு எது என்று முன்கூட்டியே போனில் பட்டியல் வந்துவிடும். இருபது வருடமாக அந்தப் பட்டியலைத் தட்டாமல் நிறைவேற்றியவள் நான். சிரிப்பு என்னவென்றால், எங்கள் வீட்டிலேயே கறுப்பு நான்தான்.

என் அக்கா மூன்று வயது மூத்தவள், அம்மாவைப் போல நல்ல நிறம். நான் அப்பாவைப் போல. "மூத்தது எலுமிச்சம்பழம், சின்னது நாவப்பழம்" என்று தெருவில் சொல்வார்கள். கொஞ்சுவதாக நினைத்துத்தான் சொன்னார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த முதல் மூன்று வீட்டாரும் வாசலில் அக்காவைப் பார்த்துவிட்டு உற்சாகமாக உள்ளே வந்து, என்னைப் பார்த்ததும் பஜ்ஜியைப் பாதியில் வைத்தவர்கள். நாலாவதாக வந்தவர் பஜ்ஜியை முழுசாகச் சாப்பிட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

முதல் தடவை ஊருக்கு வந்தபோது அக்கா க்ரீம் கேட்டிருந்தாள். அவள் ஏற்கெனவே நிறம்தான், ஆனால் யாருக்குத்தான் போதும் என்று இருக்கிறது? அப்போது எனக்குப் பிரெஞ்சு சரியாகப் படிக்க வராது. கடையில் ஒரு பெட்டியின்மேல் பளபளவென்று ஒரு வெள்ளைக்காரியின் படம். முன், பின் என்று இரண்டு முகம் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் விளம்பரங்களில் பழகிய கண் அல்லவா? எந்த முகம் முன், எந்த முகம் பின் என்று நான் யோசிக்கவே இல்லை. ஆறு டப்பா வாங்கிவிட்டேன்.

வெயிலில் படுக்காமலே உடம்பைப் பழுப்பாக்கிக்கொள்ள வெள்ளைக்காரர்கள் பூசும் க்ரீம் அது. வீராம்பட்டினம் தேருக்குப் போவதற்கு முந்தின மூன்று நாளும் அக்கா விடாமல் பூசியிருக்கிறாள். தேர் அன்றைக்கு அவள் முகம் ஊறப்போட்ட புளி நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தது. "பாவி, எரிச்சல்ல கொண்டாந்து குடுத்துட்டியாடி?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டாள். எரிச்சலில் கொடுக்கவில்லை. ஆனால் அவள் அப்படிக் கேட்டதும், அப்படிக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு நொடி தோன்றியது உண்மை.

அக்காவுக்கு அடுத்த வருடம் பெண் பிறந்தது. கயல்விழி. அச்சு அசல் என் நிறம். ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா போனில் சொன்ன முதல் வார்த்தை, "என் வயித்துல பொறந்துட்டு உன் கலர எடுத்துக்கினு வந்துகீது மங்கை." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்கு வலித்தது.

3

பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப்போட்ட கதையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பிறப்புச் சான்றிதழ், அதற்கு மொழிபெயர்ப்பு, அதற்கு முத்திரை, என் பெயரில் எது குடும்பப் பெயர் என்று தகராறு. அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டதால் இந்த நாட்டில் என்னைப் பத்து வருடம் "மதாம் கோவிந்தசாமி" என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது அதுவல்ல. கடைசியில் அடையாள விவரம் எழுதும்போது கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்: "உயரம்? கண்ணின் நிறம்?"

கறுப்பு என்றேன். அவள் தலையைச் சாய்த்து என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இல்லை, பழுப்பு" என்று எழுதிவிட்டாள். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். பழுப்புத்தான். முப்பது வயது வரை என் கண் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது, யாரும் கேட்டதில்லை. தோல் நிறத்தை எந்தப் படிவத்திலும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட்டிக் குறைத்துச் சொல்ல நான் தயாராக இருந்தேன்.

படிவத்தில் இல்லையென்றால் ஊரில் இல்லை என்று அர்த்தமில்லை. வந்த புதிதில் பேருந்தில் ஆப்பிரிக்கப் பெண்கள் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் நான் நின்றுகொண்டே போவேன். கறுப்பு என்று ஒதுக்கிய ஊரிலிருந்து வந்தவள், வந்ததும் செய்த முதல் காரியம் என்னைவிடக் கறுப்பானவர்களைக் கண்டுபிடித்து ஒதுங்கியதுதான். எழுதவே வெட்கமாக இருக்கிறது. வீட்டில் அவர்களைக் 'காப்பிரி' என்போம், ஊரில் கேட்டுப் பழகிய சொல்.

ஒருநாள் என் மகள் நிலா சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. பாதிக்குமேல் பிரெஞ்சு, நடுநடுவே நம் பேச்சு. "அம்மா, அந்த வார்த்தைய இனிமே சொல்லாதே. ஸ்கூல்ல என்னையும் நோவார்னுதான் சொல்றாங்க. நான் ஆமான்னுதான் சொல்றேன்."

நோவார் என்றால் பிரெஞ்சில் கறுப்பு. ஒளிக்காமல், குரல் தாழாமல் சொன்னாள். அடுத்த வாரம் பள்ளித் தோழி ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து தலை முழுவதும் பொடிப்பொடியாகப் பின்னிக்கொண்டு வந்தாள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு வளர்த்த தலை. திட்டத்தான் வாயைத் திறந்தேன். இத்தனை பின்னலுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டுவிட்டேன்.

4

ஐசத்தா என்னோடு வேலை செய்கிறவள். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக்காரி, என் வயதுதான். அவள் முகம் ஒரு நிறம், விரல் முட்டிகள் அதைவிட மிகக் கறுப்பு. மாதக்கணக்கில் அந்த முட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் இருவரும் சேர்ந்து ஒரு கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. விரிப்பின் மூலையை மடித்துச் செருகிவிட்டு, "க்ரீம்" என்றாள். "முட்டியில் மட்டும் ஏறாது. எங்கள் ஊரில் பெண்கள் முதலில் கையைத்தான் பார்ப்பார்கள்."

பதினேழு வயதில் ஒரு கல்யாணத்துக்காகச் சித்தி வாங்கிக் கொடுத்தாளாம். வெளுத்தாள். எல்லோரும் புகழ்ந்தார்கள். நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்று பதிமூன்று வருடம் நிறுத்தவில்லை. இப்படி வெளுத்துக்கொள்வதற்கென்று அவர்கள் மொழியில் தனியாக ஒரு சொல்லே இருக்கிறதாம். பாரிசுக்கு வந்து பிள்ளை பெற வயிற்றைக் கிழித்தபோதுதான் தெரிந்தது. போட்ட தையல் பிடிக்கவில்லை. தோல் அத்தனை மெலிந்துபோயிருந்தது. டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே "என்ன பூசினாய்?" என்று கேட்டாராம். புண் ஆறப் பல வாரம் ஆனது.

எங்கள் வேலையே தோல் பார்க்கிற வேலை. படுக்கையிலேயே கிடப்பவர்களுக்குக் குதிகாலிலும் முதுகிலும் புண் வராமல் தினமும் தடவிப் பார்க்க வேண்டும். சிவந்தால் ஆபத்து என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியும்? அங்கிருந்த ஒரு கறுத்த பெரியவருக்கு விரலின் பின்பக்கத்தை வைத்துச் சூடு பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவள் ஐசத்தாதான். பாடத்தில் அது இல்லை.

"அந்தப் புண்ணை நானே கண்ணாடி வைத்துக் கழுவினேன்" என்றாள். "கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்தது. உள்ளே இருப்பதைக் காப்பதுதான் தோலின் வேலை. பதிமூன்று வருடம் நான் அடித்த அடிக்குப் பிறகும் அது எனக்காக வேலை செய்தது. மூடிய அன்றைக்கு அதன் நிறம் என்ன என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை."

அதன்பின் நிறுத்திவிட்டாள். ஒரு வருடம் முகம் திட்டுத்திட்டாக இருந்ததாம். கழுத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, சீருடையின் காலரை இறக்கிக் காட்டினாள். "அந்த வருடம் யாரும் என்னை அழகி என்று சொல்லவில்லை. அப்புறமும் நான் உயிரோடுதான் இருந்தேன், சிரித்தேன், பிள்ளை என்னைத்தான் தேடினான். அழகு என்று எதற்கு இத்தனை நாள் பயந்தேன் என்று எனக்கே ஆச்சரியம்." பிறகு அடுத்த அறைக்குப் போனோம், வேலை கிடந்தது.

அந்த வாரம்தான் கயலிடமிருந்து செய்தி வந்தது.

5

கயல் பாகூர்ப் பக்கம் அரசு உழவர் உதவியகத்தில் கள உதவியாளர். விவசாயப் படிப்பு முடித்து இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நெட்டப்பாக்கம் வரைக்கும் வயல் வயலாகப் போவாள். எந்த நெல்லில் என்ன பூச்சி, எந்தக் கரும்பில் என்ன நோய் என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் மருந்து அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவளுக்கு வில்லியனூரில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. செய்தியில் ஒரு க்ரீம் டியூபின் படம், கீழே "சித்தி, இது ஸ்ட்ராங்கா கேக்குமாம். ரெண்டு வேணும். அம்மாகிட்ட சொல்லாதே."

கூப்பிட்டுக் கேட்டேன்.

"மாப்பிள்ள வூட்டுல அவங்கம்மா சொல்றாங்க சித்தி. வெயில்ல அலைஞ்சி அலைஞ்சி பொண்ணு கறுத்துப் போச்சாம். கல்யாணத்துக்கு அப்பறம் வயக்காட்டு வேலய வுட்டுடணுமாம். அம்மா இப்பவே ஒரு மாசம் லீவு போடச் சொல்லி உள்ள உக்கார வெச்சிட்டாங்க."

"மாப்பிள்ளை இன்னா சொல்றாரு?"

"அவரு ஒண்ணியும் சொல்லல. அவங்கம்மா பேசறப்போ போன நோண்டறாரு."

"க்ரீம் போட்டா சரியாப் போயிடுமா?"

"நெறம் வந்துட்டா அந்தப் பேச்சே வராதில்ல? வேலய வுட வேணாமில்ல? எனக்குக் கலரு வேணாம் சித்தி. வேல வேணும்."

அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. வேலையைக் காப்பாற்றத் தோலைக் கொடுக்கத் துணிந்திருந்தாள். எனக்கு ஐசத்தாவின் தையல்தான் கண்முன் வந்தது. வாங்கி வர மாட்டேன் என்று சொல்லவும் பயம், சொல்லிவிட்டால் வில்லியனூரில் வேறு எங்காவது அதைவிட மோசமானதை வாங்கிப் பூசிக்கொள்வாள். "பாக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஐசத்தாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "பெண் என்ன நிறம்?" என்றாள். பழக்க தோஷம், மாநிறம் என்று சொல்ல நினைத்துக் கோதுமை நிறம் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். படத்தைப் பார்த்தாள். "கோதுமையா? கருகிய ரொட்டிகூட இதைவிட வெளுப்பாக இருக்கும்" என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "இந்தப் படமும் உதவாது. இந்த போனே வெளுத்துக் காட்டுகிறது. பெண் உன் நிறம்தானே? நீ வா."

சனிக்கிழமை என்னைப் பாரிசுக்கு வடக்கே ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள். நம் ஆட்களின் மளிகைக் கடைகளுக்கு நாலு தெரு தள்ளித்தான், இத்தனை வருடமாக நான் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. கடையில் இடது பக்க அலமாரி முழுக்க வெளுக்கும் க்ரீம். வலது பக்கம் முகப்பூச்சு, பால் நிறத்தில் தொடங்கி அடுப்புக்கரி வரைக்கும் வரிசையாகப் பாட்டில். கடைப்பெண் என் தாடையில் மூன்று புள்ளி வைத்தாள். இரண்டு புள்ளி தெரிந்தன. மூன்றாவது காணவில்லை. துடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். துடைக்கவில்லை, அது என் நிறத்திலேயே கலந்துவிட்டது.

என்னுடைய நிறத்தை யாரோ ஒருவர் சரியாகப் பார்த்து, கலந்து, பாட்டிலில் அடைத்து, அதற்கு ஓர் எண்ணும் கொடுத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடையில் நின்று அழுதால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன். இரண்டு பாட்டில் வாங்கினேன்.

6

பாகூரில் கயல் அந்தப் பாட்டிலை வாங்கிக் கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

"சித்தி, இது நம்ம கலருதானே?"

"ஆமா."

"நம்ம கலர வாங்கி நம்ம மேலயே பூசறதுக்கு இன்னாத்துக்கு பிரான்சு?"

நியாயமான கேள்வி. ஐசத்தாவின் கதையைச் சொன்னேன், வயிற்றுத் தையலையும் சேர்த்து. கயல் விவசாயம் படித்தவள், மருந்தின் அளவு மீறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கவனமாகக் கேட்டாள். ஆனால் அவள் கவலை தீரவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "சரி சித்தி, பூசல. ஆனா வேலைக்கு வழி சொல்லு" என்றாள். கறுப்பாக இருப்பதில் எனக்கு நாற்பத்தெட்டு வருட அனுபவம் இருந்தும் பிரயோஜனமில்லை.

அக்காவுக்கு என்மேல் கோபம். "உங்கிட்ட நானும் கேட்டிருந்தேனே, ஒண்ணாவது வாங்கியாந்திருக்கலாமில்ல? எம்பொண்ணு வாழ்க்க உனக்கு வெளயாட்டாப் போச்சி" என்றாள். பிறகு அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில், "நெறத்தப் பத்தி நான் பேசனா உனக்குக் கஷ்டமா இருக்குமின்னு எனக்குத் தெரியும் மங்கை. அவளுக்கு அந்தக் கஷ்டம் வரக்கூடாதுன்னுதான் பேசறேன்" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தில் பாதியை வாங்கி நானும் நறுக்கினேன்.

7

கல்யாணத்துக்கு முந்தின நாள், வரவேற்பு அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கே வில்லியனூர் மண்டபத்தின் மணமகள் அறைக்குள் ப்யூட்டிஷியன் வந்துவிட்டார். பெயர் சுகன்யா, முப்பது முப்பத்திரண்டு இருக்கும். அவர் முகம் ஒரு நிறம், கழுத்து இன்னொரு நிறம். பெட்டியைத் திறந்து பாட்டில்களை அடுக்கினார். எல்லாமே சந்தன நிறத்துக்கு அக்கம்பக்கம்.

"அவ கலருக்கு ஒண்ணும் இல்லியாம்மா?" என்று கேட்டேன்.

"யாருக்கா கேக்கறாங்க? மூணு ஷேடு ஏத்தித்தான் போடச் சொல்றாங்க. உள்ள கலர்ல போட்டேன்னு வையுங்க, மேக்கப்பே போடலன்னுடுவாங்க. என் போட்டோவப் பாத்துதானே அடுத்த ஆர்டர் வருது."

பொய்யில்லாத பதில். நான் என் பாட்டிலை எடுத்து, கேட்காமலே அவர் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தேன். காணாமல் போயிற்று. சுகன்யா கையை ஜன்னல் பக்கம் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கக்கா கெடைக்கும்?" என்று கேட்டார்.

அக்கா குறுக்கே வந்தாள். "அதெல்லாம் வேணாம். ஏத்தியே போடுங்க. நாளைக்கு ஆல்பத்துல பாத்தா பொண்ணே தெரிய மாட்டா."

எல்லோரும் கயலைப் பார்த்தோம். அவள் கண்ணாடி முன்னால் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பாதிப் பாதி போடுங்கக்கா" என்றாள்.

"பாதின்னா?"

"எங்க டிபார்ட்மெண்டுல புது வெத வந்தா எடுத்தவுடனே யாருகிட்டயும் குடுக்க மாட்டோம். ஒரே வயல்ல பாதி பழசு, பாதி புதுசு போட்டுப் பாப்போம். இடது பக்கம் உங்களுது போடுங்க. வலது பக்கம் சித்தியுது."

சுகன்யா சிரித்தபடியே போட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. கயல் உள்ளங்கையால் வலது பாதியை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு இடது பாதியை மூடிக்கொண்டு பார்த்தாள். வயலில் நின்று பயிரைப் பார்க்கிற அதே பார்வை.

"இந்தப் பக்கம் அழகாத்தான் இருக்குது" என்று இடது கன்னத்தைத் தொட்டாள். "ஆனா நாளைக்குக் காலைல மூஞ்சி கழுவிட்டு வெளிய வந்தா எல்லாரும் ஏமாந்த மாதிரி பாப்பாங்க. தெனமும் அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்லணும். இந்தப் பக்கம்னா கழுவனாலும் நான்தான். இந்த இடது பக்கத்தத் தொடைச்சிட்டு இதையே போடுங்கக்கா."

பஞ்சை எடுத்து நனைத்துச் சுகன்யாவிடம் நீட்டியது அக்காதான்.

கண்ணுக்கு மை, நெற்றிச்சுட்டி, குங்கும நிறப் பட்டு. எல்லாம் முடிந்ததும் பார்த்தால் என் கயல் கயலாகவே இருந்தாள், ஆனால் விளக்கு ஏற்றி வைத்ததுபோல இருந்தாள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார். நல்ல உயரம், அவரும் கறுப்புத்தான். கயலை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சுகன்யாவிடம் கேட்டார்: "இன்னாம்மா, இன்னும் மேக்கப் ஆரம்பிக்கலியா?"

சுகன்யா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கயல் எழுந்து நின்றாள்.

"முடிஞ்சிது அத்தை. இதான் என் கலரு."

"அதான் சொல்றேன், வெயில்ல அலைஞ்சி..."

"வெயில்ல வந்ததில்ல அத்தை, பொறக்கறப்பவே வந்தது. ஒரு மாசமா வெயிலே படாம உள்ள உக்காந்திருந்தேன். மாறிச்சா, நீங்களே பாருங்க." இரண்டு கையையும் வளையல்களோடு நீட்டினாள். "லீவு அடுத்த வாரத்தோட முடியுது. நான் வேலைக்குப் போவேன். வயலுக்குத்தான் போவேன். இத மேடைக்குப் போறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட சொல்லிடணும்னு இருந்தேன்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிகிற அளவுக்கு. கல்யாணம் நின்றுவிடுமோ என்றுதான் எங்கள் இருவருக்கும் பயம். மாப்பிள்ளையின் அம்மா கயலின் கைகளைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இதுதான்:

"நீ காலைல ஏழு மணிக்கு வண்டிய எடுத்துக்கினு கெளம்பிட்டா, ஆறு பேருக்குச் சோறு யாரு ஆக்கறது?"

இத்தனை மாதமாக நிறம் நிறம் என்று சொல்லிக்கொண்டிருந்ததற்குப் பின்னால் ஒரு சோற்றுப் பானை உட்கார்ந்திருந்தது. அதைக் கேட்க அவருக்கு என்ன கூச்சமோ, பெண்ணின் நிறத்தைச் சொல்வதுதான் சுலபமாக இருந்திருக்கிறது.

கயல் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு மாதப் பாரம் இறங்கியதைப் பார்த்தேன்.

"அது வேற பேச்சு அத்தை. அத பேசலாம்."

நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு உட்கார்ந்தார். கயலும் பட்டுப்புடவை கசங்கக் கசங்க எதிரே உட்கார்ந்தாள். காலையில் சோறு வைப்பது, குழம்பை முந்தின நாள் சாயங்காலமே வைப்பது, மாப்பிள்ளைக்குக் காய் நறுக்கத் தெரியுமா தெரியாதா என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். தெரியாது என்றார் அவர். கத்துக்கட்டும் என்றாள் இவள். குரல் ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது.

அக்கா வீட்டுக்காரர் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார். "இன்னா இன்னும் வரல? போட்டோக்காரரு கூப்பிடறாரு, மாப்பிள்ள மேடைல தனியா நிக்கறாரு."

"நிக்கட்டும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. "நாங்க பேசிக்கினு இருக்கோம்."